இரண்டு ‘இரண்டு’களும் ஒன்றல்ல: சமன்பாட்டுச் சிப்பம் ஒன்றைப் படித்துவிட்டு

மீள்பார்வை வகுப்புகள் தொடங்கிவிட்டால் புலனக் குழுக்களில் சிப்பங்கள் வந்து குவியும். அப்படி வந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. படிவம் 4 வேதியியல், மூன்றாம் அத்தியாயம்: மோல், வாய்பாடு, சமன்பாடு. யார் தயாரித்தது என்று இங்கே சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லிக் குறை கூறும் அளவுக்கு அது மோசமான சிப்பம் இல்லை; பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. அதோடு, நான் குறையாகச் சொல்லப் போகும் விஷயம் என்னுடைய பழைய குறிப்பிலும் பல வருஷம் இருந்தது.

அந்தச் சிப்பத்தின்படி சமன்படுத்துவது என்றால் ஓர் அட்டவணை போடுவது. இடப்பக்கத்துக்கு ஒரு கட்டம், வலப்பக்கத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு தனிமத்துக்கும் அணுக்களை எண்ணி எழுது. எண்கள் ஒத்து வரும் வரை மாற்று. ஒத்து வந்ததும் ‘சரி’ போடு. அவ்வளவுதான். அதை அப்படியே என் மாலை வகுப்பில் கொடுத்தேன். முதல் கேள்வி, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாவது. ஒரு மாணவி இப்படி எழுதிக் கொண்டுவந்தாள்:

எச்₂ + ஓ₂ → எச்₂ஓ₂

(குறியீடுகளை வகுப்பில் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் வருகிறது.)

அட்டவணையை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு நிரப்பியிருந்தாள். எச்: இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2. ஓ: இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2. பக்கத்தில் இரண்டு ‘சரி’. நான் சிவப்புப் பேனாவால் தப்பு போட்டேன். “ஏன் டீச்சர் தப்பு? ரெண்டு பக்கமும் சமமாத்தானே இருக்கு?” என்றாள்.

உண்மைதான். சமமாகத்தான் இருக்கிறது. நாம் கொடுத்த விதியை அவள் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். “எண்கள் ஒத்து வரும் வரை மாற்று” என்றோம். எந்த எண்ணை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த அட்டவணையில் ஓரிடத்திலும் இல்லை. சிப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ‘கவனிக்க’ என்று ஒரு பெட்டிக்குள் “கீழெண்ணை மாற்றக்கூடாது” என்று ஒரு வரி இருக்கிறது. ஏன் மாற்றக்கூடாது என்று கிடையாது. பாடத்தின் உயிரே அந்த ஒரு வரிதான். அதைக் கடைசியில் பெட்டிக்குள் போட்டு, வெறும் சட்டம் மாதிரி சொல்லிவிட்டுப் போனதுதான் என் முதல் குறை.

அவள் எழுதியது எச்₂ஓ₂, ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் 3 விழுக்காட்டுக் கரைசலாகச் சின்னப் பாட்டிலில் கிடைக்குமே, அதுதான். முடியை வெளுக்க வைக்கும். அடர்த்தியான கரைசல் தோலில் பட்டால் புண்ணாகிவிடும். கேள்வி கேட்டது குடிக்கிற தண்ணீரை. ஆக, அவள் கணக்கைச் சரியாகப் போட்டு வேறு பொருளைச் செய்துவிட்டாள்.

இங்கே சொற்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மலாய்வழிப் பாடநூலில் படிக்கிற பிள்ளைகள் ‘பெகாலி’ என்றும் ‘சப்ஸ்க்ரிப்’ என்றும் சொல்வார்கள். இருமொழித் திட்டத்தில் ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ‘கோஎஃபிஷண்ட்’, ‘சப்ஸ்க்ரிப்ட்’ என்பார்கள். தமிழில் கணித நூல்களில் ‘கெழு’ என்றும் ‘குணகம்’ என்றும் இருக்கிறது. நம் சிப்பம் என்ன செய்கிறது என்றால், விளக்கத்தில் ஓரிடத்தில் ‘கெழு’ என்று சொல்லிவிட்டு, பிறகு இரண்டையுமே ‘எண்’ என்று எழுதிக்கொண்டே போகிறது. “எண்ணைச் சேர்க்கவும்”, “எண்ணை மாற்றவும்”, “எண்ணால் பெருக்கவும்”. எந்த எண்? நமக்குத் தெரியும், இருபது வருஷமாகப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? என் வகுப்பில் நான் ‘முன்னெண்’, ‘கீழெண்’ என்று சொல்கிறேன். பெரிய கலைச்சொல் ஒன்றும் இல்லை, இருக்கிற இடத்தைச் சொல்லும் பெயர், அவ்வளவுதான். உங்களுக்கு வேறு சொல் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

கீழெண் பொருளுக்கு உள்ளே இருக்கிறது. ஒரு நீர் மூலக்கூற்றில் எத்தனை ஹைட்ரஜன் அணு, எத்தனை ஆக்சிஜன் அணு என்று சொல்கிறது. அதாவது, அது எந்தப் பொருள் என்பதையே சொல்கிறது. முன்னெண் பொருளுக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பொருள் எத்தனை என்று மட்டும் சொல்கிறது. முன்னெண்ணை இரண்டாக்கினால் தண்ணீர் இரண்டு மடங்காகும். தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். கீழெண்ணைத் தொட்டால் தண்ணீரே போய்விடும்.

இவ்வளவு தெளிவான வேறுபாடு ஏன் பிள்ளைகள் மனத்தில் நிற்பதில்லை? பல நாள் யோசித்தேன். ஒரு நாள் நானே வெண்பலகையைப் பார்த்து வாசித்தபோதுதான் பிடிபட்டது. “டூ எச் டூ பிளஸ் ஓ டூ, ஆரோ, டூ எச் டூ ஓ.” நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘டூ’ ஐந்து முறை வருகிறது. அதில் இரண்டு முன்னெண், மூன்று கீழெண். எழுத்தில் ஒன்று பெரிசாக முன்னால் நிற்கிறது, இன்னொன்று சின்னதாகக் காலடியில் கிடக்கிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியும். காதுக்கு? ஒரே ‘டூ’. வகுப்பில் பாதி நேரம் பிள்ளைகள் காதால்தான் படிக்கிறார்கள். மலாயில் வாசித்தாலும் அதே கதைதான், ‘டுவா’ ஐந்து முறை வரும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முன்னெண்ணைத் தமிழில் சொல்வேன், கீழெண்ணை ஆங்கிலத்தில் சொல்வேன். “இரண்டு எச்-டூ, கூட்டல், ஓர் ஓ-டூ, தருவது இரண்டு எச்-டூ-ஓ.” மொழியைக் கலந்து பேசுகிறோம் என்று நம்மை நாமே குறை சொல்லிக்கொள்வோமே, அந்தக் கலப்பு இங்கே நன்றாக வேலை செய்கிறது. ‘எச்-டூ-ஓ’ என்பது ஒரு பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். ‘இரண்டு’ என்பது “இரண்டு பழம்”, “இரண்டு நாற்காலி” என்று சொல்கிற மாதிரி தனியாக முன்னால் நிற்கும். “இரண்டு நாற்காலி” என்று கேட்டவுடன் யாரும் நாற்காலிக்கு இன்னும் நான்கு கால் ஒட்டப் போவதில்லை. முன்னெண் எழுதப்படாத இடத்திலும் ‘ஓர்’ என்று வாயால் சொல்லுங்கள். எழுதாத ஒன்றையும் பிள்ளைகள் எண்ணப் பழகிவிடுவார்கள்.

சிப்பத்துக்குத் திரும்புவோம். “கீழெண்ணை மாற்றக்கூடாது” என்ற சட்டத்துக்கு ஏன் என்று சொல்லவில்லை என்றேன். அந்த ‘ஏன்’ சொல்ல இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கதை, இன்னொன்று தராசு. இரண்டையும் நான் சொல்வதுண்டு.

கதை இது. 1808இல் டால்டன் தன் அணுக்கொள்கை நூலை வெளியிட்டபோது நீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் இருப்பதாகத்தான் வைத்துக்கொண்டார். எச்ஓ. அவருக்கு வேறு தகவல் இல்லை. இருப்பதிலேயே எளிமையானதை எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய அதே நேரத்தில் கே-லுசாக் வாயுக்களின் பருமனை அளந்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து இரண்டு பங்கு நீராவி தருகிறது என்று கண்டார். 1811இல் அவகாட்ரோ அதற்கு விளக்கம் சொன்னார்: ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன, ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரியக்கூடியது. அதை அன்று பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1858இல் கானிசாரோ அதை மறுபடி எடுத்து விளக்கி, 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிய மாநாட்டில் எடுத்துச் சொன்ன பிறகுதான் மெல்ல மெல்ல எல்லாரும் ஒரே வழிக்கு வந்தார்கள். எச்₂ஓ என்பதில் இருக்கிற அந்தச் சின்ன 2 உறுதியாக அரை நூற்றாண்டு ஆயிற்று.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? நீரில் ஹைட்ரஜனின் எடை 1 பங்கு என்றால் ஆக்சிஜன் 8 பங்கு. இது தராசு சொல்வது. நீர் எச்ஓ என்றால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைப் போல 8 மடங்கு எடை. எச்₂ஓ என்றால் 16 மடங்கு. ஒரு கீழெண் மாறினால் அணு எடை அட்டவணையே மாறுகிறது. அந்த 16ஐத்தான் நாம் இன்று மோல் கணக்கில் ‘கொடுக்கப்பட்டது’ என்று எடுத்துக்கொண்டு பெருக்குகிறோம். இதைக் கேட்ட பிறகு ஒரு மாணவன் சொன்னான்: “அப்ப இது நம்ம போடுற நம்பர் இல்ல, கண்டுபிடிச்ச நம்பர்.” இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

வரலாற்றுக்கு நேரமில்லை என்று சொல்லும் ஆசிரியர்களுக்குத் தராசு வழி. மெக்னீசியம் நாடாவை மூசைக்குள் வைத்துச் சூடாக்கி, முன்னும் பின்னும் எடை பார்க்கிற சோதனையை அதே அத்தியாயத்தில் செய்கிறோம். அனுபவ வாய்பாடு கண்டுபிடிக்க. ஆனால் அந்தச் சோதனையையும் சமன்படுத்துவதையும் இரண்டு தனித்தனிப் பாடமாக நடத்திவிட்டுப் போய்விடுகிறோம். சிப்பமும் அப்படித்தான், சோதனை 14ஆம் பக்கத்தில், சமன்பாடு 22ஆம் பக்கத்தில், நடுவில் ஒரு பாலமும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மெக்னீசியம் 24, ஆக்சிஜன் 16. சரியான சமன்பாடு:

2 எம்ஜி + ஓ₂ → 2 எம்ஜிஓ

2.4 கிராம் மெக்னீசியம் 0.1 மோல். அதிலிருந்து 0.1 மோல் ஆக்சைடு வரும், 4.0 கிராம். இப்போது அட்டவணையை மட்டும் நம்பும் பிள்ளை எழுதுவதைப் பார்ப்போம்:

எம்ஜி + ஓ₂ → எம்ஜிஓ₂

எண்ணிக்கை சமம். அட்டவணையில் ‘சரி’. ஆனால் இதன்படி 2.4 கிராமிலிருந்து 5.6 கிராம் வர வேண்டும். மூசையைத் தராசில் வையுங்கள். 4.0க்குப் பக்கத்தில்தான் வரும். மூடியைத் திறந்தபோது கொஞ்சம் வெண்புகை போயிருந்தால் அதற்கும் குறைவாக வரும். 5.6 ஒருநாளும் வராது. கீழெண் சரியா என்று தீர்ப்புச் சொல்வது தராசு. முன்னெண் அதற்குப் பிறகு வருவது. வாய்பாடுகள் முடிவான பிறகு, ஓர் அணுவும் தொலையாமல், ஓர் அணுவும் புதிதாய் முளைக்காமல் இருக்க நாம் போட்டுக்கொள்வது. இந்த முன்-பின் வரிசையைச் சிப்பம் சொல்லவே இல்லை.

(இன்னொரு சின்ன விஷயம். சிப்பம் எல்லாவற்றையும் ‘மூலக்கூறு’ என்கிறது. மெக்னீசியம் ஆக்சைடு அயனிச் சேர்மம், அதில் தனி மூலக்கூறு கிடையாது; அயனிகளின் விகிதத்தைத்தான் வாய்பாடு சொல்கிறது. படிவம் 4இல் பிணைப்பு பாடம் பின்னால் வருவதால் இங்கே நீட்டி விளக்க வேண்டாம். ஆனால் தப்பான சொல்லைப் போட்டுவிட்டுப் பிறகு திருத்துவது இரட்டை வேலை.)

சிப்பத்தில் பாராட்ட வேண்டியது நாசி லெமாக் உவமை. பொட்டலம் எத்தனை என்பது முன்னெண், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கீழெண். சோறு, சம்பல், நெத்திலி, அரை முட்டை. மூன்று பொட்டலம் வாங்கினால் ஒன்றரை முட்டை. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது, நானும் பல முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த உவமை எங்கே நொண்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாசி லெமாக்கில் இன்னோர் அரை முட்டை சேர்த்தால் அதுவும் நாசி லெமாக்தான். ஒரு வெள்ளி கூடக் கேட்பார்கள். தண்ணீரில் இன்னோர் ஆக்சிஜன் சேர்த்தால் அது ‘ஸ்பெஷல்’ தண்ணீர் ஆவதில்லை. உவமையை இந்த இடத்தில் உடைத்துக் காட்டாமல் விட்டால், கீழெண்ணைக் கூட்டுவதும் குறைப்பதும் சாதாரண விஷயம் என்ற எண்ணத்தை நாமே விதைத்தவர்கள் ஆவோம்.

உடைத்துக் காட்ட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கரி. நல்ல காற்றோட்டத்தில் கரி எரிந்தால்:

சி + ஓ₂ → சிஓ₂

காற்று போதாமல் எரிந்தால்:

2 சி + ஓ₂ → 2 சிஓ

வலப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு 2 காலடியிலிருந்து காணாமல் போய், ஒரு 2 முன்னால் வந்து நிற்கிறது. எழுதும்போது ஒரு சின்ன இடமாற்றம். முதலாவது நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளியே விடுவது. இரண்டாவது கார்பன் மோனாக்சைடு, நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய ஹீமோகுளோபினில் அதைவிட இறுக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போவது இதனால்தான். நம் வீட்டுச் சமையல் வாயுவும் அப்படியே. பியூட்டேன் முழுதாக எரிந்தால்:

2 சி₄எச்₁₀ + 13 ஓ₂ → 8 சிஓ₂ + 10 எச்₂ஓ

காற்று குறைந்தால்:

2 சி₄எச்₁₀ + 9 ஓ₂ → 8 சிஓ + 10 எச்₂ஓ

இரண்டுமே சமன்பட்டவை. எண்ணிப் பாருங்கள், முதலில் ஆக்சிஜன் 26, 26. இரண்டாவதில் 18, 18. முன்னெண் 13இலிருந்து 9 ஆகும்போது, அதாவது ஆக்சிஜன் குறையும்போது, விளைபொருளின் கீழெண் மாறுகிறது, பொருளே மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்வது அடுப்பு. நாம் அதைப் பார்த்து எழுதுகிறோம். கணக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக நாமாகச் செய்வது இல்லை. குளியலறையில் வாயு வைத்துச் சூடாக்கும் கருவி இருக்கும் வீடுகளில் சன்னல் ஏன் திறந்திருக்க வேண்டும் என்பதையும் இதே இடத்தில் சொல்லிவிடுவேன். பாடத்திட்டத்தில் இல்லைதான், பரவாயில்லை.

அட்டவணை முறையின் இன்னொரு பலவீனம், படம் இல்லாதது. 1985இல் யாரோக் என்ற அமெரிக்க ஆய்வாளர் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் சமன்பாடுகளைக் கொடுத்துப் பேட்டி கண்டார். சரியாகச் சமன்படுத்தியவர்களிலேயே பலருக்கு அதைப் படமாக வரையத் தெரியவில்லை. மூன்று எச்₂ என்பதை ஆறு வட்டங்களை வரிசையாக ஒட்டி வரைந்தவர்கள் இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு என் வகுப்பில் 3 ஓ₂, 6 ஓ, ஓ₆ ஆகிய மூன்றையும் வரையச் சொன்னேன். புள்ளிகள் எல்லாம் நன்றாக வாங்குகிற பிள்ளைகளே மூன்றுக்கும் ஒரே படத்தை வரைந்தார்கள். “ஆறு ஓ தானே டீச்சர்!” அட்டவணையைப் பொறுத்தவரை மூன்றும் 6தான், அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? முதலாவது, இரண்டிரண்டாய்க் கைகோத்த மூன்று சோடி. இரண்டாவது, தனித்தனியாக நிற்கும் ஆறு அணு. மூன்றாவது, ஆறும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு மூலக்கூறு; நாம் மூச்சிழுக்கிற காற்றில் அப்படி ஒன்று இல்லை. சிப்பத்தில் ஐம்பது பயிற்சிகள் இருக்கின்றன. ஒன்றில்கூட “வரைக” என்ற சொல் இல்லை. இருபது பயிற்சியை எடுத்துவிட்டு ஐந்து படம் சேர்த்திருக்கலாம்.

சுருக்குவதிலும் இதே குழப்பம் வரும். முன்னெண்கள் 4, 2, 4 என்று வந்தால் 2, 1, 2 என்று சுருக்குகிறோம், சுருக்கத்தான் வேண்டும். அதே கையோடு பிள்ளை எச்₂ஓ₂ஐ எச்ஓ ஆக்கும், குளுக்கோசின் சி₆எச்₁₂ஓ₆ஐ சிஎச்₂ஓ ஆக்கும். “ரெண்டும் வகுபடுதே!” முன்னெண்கள் ஒன்றுக்கொன்று விகிதம்; விகிதத்தைச் சுருக்கினால் விகிதம் மாறாது. மூலக்கூற்று வாய்பாட்டின் கீழெண் விகிதம் மட்டும் இல்லை, மெய்யான எண்ணிக்கை. பின்னம் போடுவதும் இதே கணக்குதான். பியூட்டேன் ஒன்றுக்கு ஆறரை ஓ₂ என்று போட்டுக்கொண்டு கடைசியில் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குவது நல்ல வழி. சிப்பம் அதை ‘தவறு’ என்று சொல்லித் தடுக்கிறது. அரை மூலக்கூறு இல்லைதான். ஆனால் ஆறரை மோல் ஆக்சிஜன் தாராளமாக உண்டு. இறுதி விடையில் முழு எண் எழுதுங்கள் என்று சொன்னால் போதும், நடுவில் போட்டுப் பார்ப்பதை ஏன் தடுக்க வேண்டும்?

அடைப்புக்குறி பற்றிச் சிப்பம் நன்றாகவே சொல்கிறது. 2 ஏஎல்₂(எஸ்ஓ₄)₃ என்றால் ஆக்சிஜன் 2 பெருக்கல் 3 பெருக்கல் 4, ஆக 24. அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

தேர்வு எழுதப் போகிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சமன்பாட்டுக்கு இரண்டு புள்ளி என்றால், பெரும்பாலும் ஒன்று சரியான வாய்பாடுகளுக்கு, இன்னொன்று சமன்படுத்தியதற்கு. கீழெண்ணை மாற்றிச் சமன்செய்தால் முதல் புள்ளி போகும். பொருளே வேறு ஆகிவிட்டதால் இரண்டாவதும் நிற்காது. அதற்குப் பிறகு வருகிற மோல் கணக்கில் விகிதமும் தப்பாகும். மெக்னீசியத்தில் பார்த்தோமே, 4.0 எங்கே, 5.6 எங்கே. மாறாக, வாய்பாடுகளை எல்லாம் சரியாக எழுதிவிட்டு முன்னெண்ணில் மட்டும் தடுமாறினால் முதல் புள்ளியாவது கையில் இருக்கும். அதனால் கேள்வியைப் படித்தவுடன் எண்ணத் தொடங்காதீர்கள். முதலில் பொருள்களின் பெயரைச் சொல்லில் எழுதுங்கள், அடுத்து வாய்பாடு, அதற்கப்புறம்தான் எண்ணிக்கை.

அட்டவணையைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? இல்லை. எண்ணிச் சரிபார்க்க அது நல்ல கருவி. நீளமான சமன்பாடுகளில் நானே போட்டுப் பார்ப்பதுண்டு. ஆனால் அதற்கு மேலே ஒரு வரிசை கூடுதலாக வேண்டும்: ‘பொருளின் பெயர்’. சமன்படுத்துவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அந்தப் பெயரை எழுத வேண்டும். முன்னால் ‘நீர்’ என்று எழுதியவள் பின்னால் எச்₂ஓ₂வுக்கு என்ன பெயர் எழுதுவாள்? அங்கேயே கை நின்றுவிடும். இன்னொன்று, என் வகுப்பில் வாய்பாடுகளைப் பேனாவால் எழுத வேண்டும், முன்னெண்களைப் பென்சிலால். அழிப்பான் எதை அழிக்க முடியுமோ அதைத்தான் மாற்றலாம். முதல் வாரம் முணுமுணுத்தார்கள், “பென்சில் தேடணும் டீச்சர்” என்று. இப்போது பழகிவிட்டது. முதலில் சொன்னேனே, அந்த மாணவிதான் இப்போது பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

சிப்பத்தைத் தயாரித்தவர்களுக்கு இந்தக் குறிப்புகளை அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை, உங்கள் வகுப்பில் போட்டுப் பார்க்க ஒரு கேள்வி. அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினியம் ஆக்சைடு உண்டாகிறது. நான்கு மாணவர்களின் விடை கீழே. எதற்குப் புள்ளி, மற்ற மூன்றில் எந்தப் பொருள் எதுவாக மாறிப் போனது என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள்.

ஏஎல் + ஓ₂ → ஏஎல்ஓ₂

2 ஏஎல் + ஓ₃ → ஏஎல்₂ஓ₃

2 ஏஎல் + 3 ஓ → ஏஎல்₂ஓ₃

4 ஏஎல் + 3 ஓ₂ → 2 ஏஎல்₂ஓ₃

அட்டவணை போட்டுப் பார்த்தால் நான்குக்குமே ‘சரி’ என்றுதான் வரும்.